வடக்கு ஜன்னல்

“நீங்க அவங்ககிட்ட நேரா கேட்டீங்களா, இல்லையா? அதைச் சொல்லுங்க முதல்ல.”

பேராசிரியர் ஃபான் ஹோய்கலம் கறுப்பு அங்கிக்குள் கைகளைக் கட்டிக்கொண்டு சாய்ந்தார். எதிரே ஹெஸ்டர் நின்றிருந்தாள். முனைவர் பட்ட அரங்கில் கேள்வி கேட்க உட்கார்ந்திருந்தவர்களில் இவர் ஒருவருக்குத்தான் அவள் பயந்தாள். பட்டம் எப்படியும் கிடைத்துவிடும். ஆய்வேடு அச்சாகி வந்தபிறகு யாரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. ஆனால் மதவியல் துறையில் காலியாக இருந்த நிரந்தர வேலை, இவர் தலையசைத்தால்தான் அவளுக்கு.

ஆய்வேட்டின் உயிர் ஒரே ஒரு அத்தியாயத்தில் இருந்தது. நெதர்லாந்தின் வடக்கே ஃப்ரீஸ்லாந்தில், கால்வாய்க் கரையோரச் சிற்றூர் ஒன்றில், ஒரு பேருந்துகூட நிறையாத சின்ன மெனோனைட் கிறிஸ்தவ சபை. ஞாயிற்றுக்கிழமை மௌன ஜெபத்துக்கு முன்னால் அத்தனை பேரும் எழுந்து, வடக்கு ஜன்னல் பக்கம் திரும்பி, கொஞ்ச நேரம் வெளியே பார்த்துவிட்டு உட்காருவார்கள். வேறு எந்த ஊர்ச் சபையிலும் இது கிடையாது.

ஹெஸ்டர் இதை அழகாக விளக்கியிருந்தாள். வளர்ந்தபின் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்ட குற்றத்துக்காக இந்த மக்களை ஒரு காலத்தில் தேடிப் பிடித்துத் தண்ணீரில் அமுக்கிக் கொன்றார்கள். வைக்கோல் கொட்டகையில் ஒளிந்து ஜெபித்தவர்கள், கண்ணை மூடுமுன் பாதையில் காவலர் வருகிறார்களா என்று பார்த்திருப்பார்கள். பயம் போய்விட்டது, பார்வை மட்டும் தங்கிவிட்டது.

“பெரும் கல்விமான் அவர்களே, தங்கள் கேள்விக்கு நன்றி” என்று அவள் விதிப்படி ஆரம்பித்தாள். அந்த வாசகத்தை எவ்வளவு நிதானமாகச் சொல்கிறோமோ, யோசிக்க அவ்வளவு நேரம் கிடைக்கும். பிறகு தன் முறையை விளக்கினாள். ஒரு சடங்கைக் காட்டி ஏன் என்று கேட்டால், கேட்டவர் மனம் நோகாதிருக்க அந்த நிமிடமே ஒரு காரணத்தைத் தயாரித்துக் கொடுத்துவிடுவார்கள். அதனால் களத்துக்குப் போகிறவர் வாயை மூடிக்கொண்டு, அவர்கள் எழுந்தால் எழ வேண்டும், திரும்பினால் திரும்ப வேண்டும்.

சபையின் பழைய பதிவேடுகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று அவர் மடக்கினார். உயிருக்குப் பயந்து செய்வதை யாரும் எழுதி வைக்கமாட்டார்கள் என்றாள் ஹெஸ்டர்.

“அப்ப, சான்று இல்லாததுதான் சான்றுங்கறீங்க.”

அரங்கில் சிரிப்பு எழுந்தது. ஹெஸ்டரின் காது சிவந்தது.

“ஒரு தடவை கேட்டேன் ஐயா. ஏதோ பழக்கமாயிடுச்சுன்னாங்க.”

“சரி. எப்பலேருந்து பழக்கம்னு...”

கதவு திறந்தது. பல்கலைக்கழகக் கட்டியக்காரர் வெள்ளிக் கோலைத் தரையில் தட்டி, நேரமாயிற்று என்று லத்தீனில் அறிவித்தார். முக்கால் மணி நேரம் முடிந்தால் பாதி வார்த்தையிலும் நிறுத்தியாக வேண்டும். அதுதான் அங்கே சட்டம். பேராசிரியரும் வாயை மூடிக்கொண்டார்.

பட்டம் வழங்கிய பிறகு நடந்த விருந்தில் அவரே வைன் கோப்பையோடு அவளைத் தேடி வந்தார். இவ்வளவு குடைந்தும் அசையாமல் நின்றவர்கள் குறைவு என்றார். நாட்டின் மரபுச் சடங்குகள் பட்டியலில் இந்த ஜன்னல் வழக்கத்தைச் சேர்க்கச் சொல்லி எழுதப்போவதாகவும், வரும் ஞாயிறு படம்பிடிக்க ஆளோடு அங்கே வருவதாகவும் சொன்னார்.

“செப்டம்பர்ல வேலையில சேர்ந்துக்கங்க” என்று கைகொடுத்துவிட்டுப் போனார்.

ஹெஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. மூலையில், பொரித்த இறைச்சி உருண்டைகளைக் கடுகு விழுதில் தோய்த்துத் தின்றபடி சபையார் மொத்தமும் நின்றிருந்தார்கள். அவளுக்காகப் பேருந்து பிடித்து வந்தவர்கள். அவர்களில் ஒருத்தி ஃபெம்கே. சபையின் செயலாளர், ஹெஸ்டர் வயதுக்காரி. அவள் வந்து முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

“டாக்டரம்மா, ஒரு நிமிஷம் இப்படி வா.”

“என்னடி, மூஞ்சியை ஏன் இப்படி வச்சிருக்கே?”

“கேக்கவே கூச்சமா இருக்கு. எல்லாரும் என்னைத் தள்ளிவிட்டுட்டாங்க.” ஃபெம்கே குரலைத் தாழ்த்தினாள். “உன் படிப்புதான் முடிஞ்சிடுச்சே. இனிமே அந்த ஜன்னல் பக்கம் திரும்பறதை நாங்க விட்டுடலாமா? பெரியவங்களுக்கு முட்டி வலி உயிர் போவுது.”

“விடறதா? உங்க வழக்கத்தையா?”

“எங்க வழக்கமா?” ஃபெம்கே அவளை விசித்திரமாகப் பார்த்தாள். “மொதநாள் வந்தப்ப, ஜெபத்துக்கு முன்னாடி நீதானே பொசுக்குனு எழுந்து ஜன்னலைப் பார்த்து நின்னே? உங்க ஊர்ச் சபையில அப்படிப் போலன்னு நினைச்சோம். வந்தவளைத் தனியா நிக்க விடக் கூடாதேன்னு நாங்களும் எழுந்தோம். அப்புறம் நீயும் விடல, நாங்களும் விடல.”

அந்த முதல் ஞாயிறு ஹெஸ்டர் எழுந்து பார்த்தது, வெளியே சாத்தி வைத்த சைக்கிளைப் பூட்டினோமா இல்லையா என்று.