மலைக்கு முதல் வரி

“எங்க பேரு கடைசி வரியிலதான் வரணும்.”

மலைக்காரர் ஒரு வாரமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். கவிஞருக்குப் பொறுமை போய்விட்டது.

போர் ஓய்ந்து, நான்கு இனங்களும் ஒரே நாடாகவே இருப்பதென்று முடிவான பிறகு, புது தேசிய கீதம் எழுத உட்கார்ந்த குழு அது. பழைய கீதத்தில் சமவெளியின் பெயர் மட்டும்தான் இருந்தது. புதியதில் மலை, கடல், காடு, சமவெளி என்று ஆளுக்கொரு வரி. எழுதிய கவிஞர் சமவெளிக்காரர். தன் இனத்தை அடக்கமாகக் கடைசியில் வைத்திருந்தார்.

“ஐயா, முதல் இடத்துக்கு ஊரே அடிச்சுக்குது. உங்களுக்கு மட்டும் கசக்குதா?”

“கசக்கல. வேண்டாம்.”

கடற்கரை அம்மாள் சிரித்தார். “கடைசி வரியை ரெண்டு தடவை பாடுவாங்கல்ல? அதான் அண்ணன் இப்பவே துண்டு போட்டு இடம் பிடிக்கிறாரு!”

“ஒரே தடவை பாடுங்க. சம்மதம்.”

“அப்ப காரணத்தையாவது சொல்லுங்க.”

மலைக்காரர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீம்பு, என்று நினைத்தார் கவிஞர். கொடுக்காதபோதும் குறை, கொடுத்தாலும் குறை.

வாக்கெடுப்பில் மலைக்காரர் தோற்றார். மலைக்கே முதல் வரி.

அரங்கேற்றம் மலை நகரத்து மண்டபத்தில். கவிஞர் கேட்டு வாங்கிய இடம். அந்த ஜனங்கள் தங்கள் பெயரைக் கேட்டுப் பூரிப்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

வாத்தியங்கள் முழங்கின. மேடையில் எல்லோரும் எழுந்தார்கள். பாடகர்கள் முதல் வரியை எடுத்தார்கள்.

கீழே கைகள் நாற்காலிகளுக்கு அடியில் துழாவின. ஊன்றுகோல்கள் தரையில் மோதின. ஒருவர் பக்கத்துத் தோளைப் பிடித்து எம்பினார், சரிந்தார், மறுபடி எம்பினார். வரிசைக்கு வரிசை இதே கதை.

மலையின் வரி முடிந்துவிட்டது. கடல் போயிற்று. காடு போயிற்று.

பாட்டு முடிந்ததும் கவிஞர் மலைக்காரரிடம் மெல்லக் கேட்டார். “கண்ணிவெடியா?”

“வயலுக்குப் போற பாதை பூரா புதைச்சிருந்தாங்க.”

யார் என்று மலைக்காரர் சொல்லவில்லை. மலையேறி வந்தது சமவெளிப் படை மட்டும்தான்.

“எங்க பேரை நின்னுக்கிட்டே கேக்கணும்னு ஜனங்களுக்கு ஒரு ஆசை. எழுந்திரிக்க நேரமாகுமே, அதான் கடைசி வரி கேட்டேன்.”

“குழுவுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஐயா!”

“கால் போச்சுன்னா, யாரால போச்சுன்னும் பேச்சு வரும். ஒண்ணா உக்காந்து பாட்டு எழுதுற இடத்துல அது எதுக்கு?”

கவிஞர் தலைகுனிந்தார்.

மலைக்காரர் அவர் தோளைத் தொட்டார். “மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க கவிஞரே. உங்க வரி வர்றதுக்குள்ள எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க.”