பூச்சி வராத வயல்

"மருந்தே அடிக்காம எப்படிங்க ஒரு பூச்சிகூட இல்ல?" சென்னையிலிருந்து வேனில் வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

அருளப்பனுக்குப் பெருமை பிடிபடவில்லை. "சாணம், கோமியம், வெல்லம் கலந்த கரைசல்தாங்க. மூணு வருஷமா வேற எதுவும் இந்த மண்ணுல விழல. எங்க பேத்திக்கும் இந்த அரிசியிலதான் கஞ்சி."

"மருந்து வாடை வருதே?"

"அது பக்கத்து வயலு. நம்ம வீரையன் அடிக்கிறது. சொன்னா கேக்க மாட்டான்."

போன அறுவடையின் அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வேன் நீடாமங்கலம் சாலையில் மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் வரப்பு வழியே வீரையன் வந்தார். தோளில் ஸ்பிரேயர்.

"அண்ணே, நாளைக்கு மகனோட திருப்பூர் போறேன். நிலத்தைக் குத்தகைக்கு விட்டாச்சு. இதை உங்ககிட்ட குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எனக்கு எதுக்குப்பா இது?"

வீரையன் ஸ்பிரேயரை இறக்கி அவர் காலடியில் வைத்தார்.

"கரைசலை ஊத்திட்டு நீங்க பூச்சியோட மல்லுக்கட்டுனதைப் பாக்கப் பொறுக்கலண்ணே. மூணு வருஷமா, ஞாயித்துக்கிழமை நீங்க குடும்பத்தோட மாதா கோயிலுக்குப் போற நேரமா பாத்து, என் வயலுக்கு அடிக்கிறப்ப உங்களுக்கும் சேத்து அடிச்சிட்டேன். இனிமே நீங்கதான் பாத்துக்கணும்."

அருளப்பன் சாலையைப் பார்த்தார். வேன் கிளப்பிய புழுதிகூட அடங்கியிருந்தது. ஏச வாயெடுத்தார்.

வீரையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நமக்குள்ள எதுக்குண்ணே நன்றியெல்லாம்?"