ரேடியோவுக்குக் கிடைக்காத பதில்

இருதயராஜ் தன் கையாலேயே கட்டிய குட்டி விமானத்தில் ஒரு ரேடியோ இருந்தது. பட்டனை அழுத்தினால் அது பேசும், விட்டால்தான் கேட்கும். ஒருநாள் பட்டனுக்குள் இரண்டு ஒயர்கள் ஒட்டிக்கொண்டு, பட்டன் எப்போதும் அழுத்தியபடியே இருப்பதுபோல் ஆனது. காலையிலிருந்து ரேடியோ ஓயாமல் பேசியது.

"ஒருத்தரும் வாயே திறக்கலையே தம்பி," என்று ஹெட்செட்டிடம் அலுத்துக்கொண்டது. "எல்லாருக்கும் ரேடியோ ரிப்பேர் போல."

"நீங்க கொஞ்சம் நிறுத்திப் பாருங்கண்ணே."

"நானும் நிறுத்திட்டா அப்புறம் யாருதான் பேசுறது?"

யார் குரலும் வராததால் இருதயராஜ் ஆன்டெனாவைக் கழற்றி மாட்டினார். கடைசியில் அந்த ஒயர்களைப் பிரித்து டேப் சுற்றினார். உடனே, கன்ட்ரோல் டவர்காரரும், இறங்க அனுமதி கேட்டு வானத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்த மூன்று விமானிகளும், "யாரையும் பேசவிடாம லைனை அடைச்சு வச்சது யாருய்யா?" என்று திட்டித் தீர்த்தார்கள்.

ரேடியோவுக்கு மனசு நிறைந்தது.

"பார்த்தியா தம்பி, ஒருவழியா அவங்களைச் சரிபண்ணிட்டார்."