சக்கரத்தடியில் ஏலத்தழை

சாரல் இன்னும் விடவில்லை. சேற்று ஏற்றத்தில் ஜீப்பின் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழல்கிறது. உள்ளே நிறைமாத முத்துப்பிரியா இடுப்பு வலியில் முனகுகிறாள். இந்த ஏற்றத்தைத் தாண்டினால்தான் தார்ரோடு, அப்புறம்தான் போடி ஆஸ்பத்திரி. பாரம் குறையட்டும் என்று, துணைக்கு வந்த தோட்டத்துப் பெண்களோடு இறங்கிவிட்ட அவளுடைய அம்மா அமுதவள்ளி, பாதையோர ஏலக்காய்ச் செடிகளின் தழையை வெட்டிச் சக்கரத்தடியில் போடுகிறாள். தழை விழ விழ ஜீப் பின்னுக்கு வழுக்குகிறது.

"தழையப் போடாத ஆத்தா, வழுக்குதுல்ல!" என்று டிரைவர் மொக்கச்சாமி கத்துகிறார். "எல்லாரும் பின்னால ஏறி நில்லுங்க, வெரசா!"

அமுதவள்ளிக்கு விளங்கவில்லை. காஷ்மீரில் வேலை பார்க்கும் மகன் நேற்று வீடியோ போனில், பனியில் பலகைமேல் நின்று சறுக்கிக் காட்டினான். அடியில் மெழுகு தேய்த்தால்தான் நன்றாக வழுக்குமாம். கையிலிருக்கும் தழையைத் தடவுகிறாள். மெழுகு மாதிரிதான் இருக்கிறது. சரி, தழை வழுக்கும். ஆனால் கனம்?

"இப்பவே ஏற மாட்டேங்குது. நாங்களும் ஏறுனா பள்ளத்துக்குல்ல போயிரும், அண்ணே?"

"ஏறு தாயி, பெறகு பேசலாம்!"

தழையை வாரி எறிந்துவிட்டு, எல்லோரோடும் பின்படியில் தொற்றுகிறாள். ஜீப் தாழ்கிறது. சக்கரம் மண்ணைக் கவ்வி, உறுமிக்கொண்டு ஏறுகிறது. மகளின் கை அவள் முந்தானையைப் பிடித்திருக்கிறது. தார்ரோடு வந்த பிறகும், இறங்குவதா வேண்டாமா என்று தெரியாமல், அமுதவள்ளி படியை அழுத்தி மிதித்தபடியே நிற்கிறாள்.