முன்னால் பள்ளி

"அழி! ஊர் பார்க்கறதுக்குள்ள உடனே அழி!"

தலைமையாசிரியை போட்ட சத்தத்தில், ஏணி உச்சியில் நின்ற பெயின்டர் பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பாதித் தலை வழுக்கையான மனிதர்தான். ஆனால் இதே பள்ளியில், இதே அம்மாளிடம் திட்டு வாங்கிப் படித்தவர்.

"அவசரத்துல கை தவறிடுச்சு டீச்சர்."

"கை தவறலை. மூணாங் கிளாஸ்லேருந்தே உனக்கு இதே வியாதிதான்!"

நேற்று மாலை சாலையோரத்தில் நட்ட பலகை அது. 'முன்னால் பள்ளம். மெதுவாகச் செல்லவும்' என்று பளபளத்தது. 'பள்ளி' என்று இருந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் கடிதத்தையே சிவப்பு மையால் திருத்தி அனுப்புகிற அம்மாளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியதில் ஆச்சரியமில்லை.

பள்ளி வாசலில் வண்டிகள் பறக்கிற பறப்பில், நடந்தும் சைக்கிளிலும் வருகிற பிள்ளைகளுக்குத் தினம் ஒரு கண்டம். போன வாரம் ஒரு கார் உரசி, ஆறாம் வகுப்புப் பெண் சைக்கிளோடு புதருக்குள் விழுந்தாள். அவளுக்கு முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. தலைமையாசிரியைக்குத்தான் நெஞ்சுப் படபடப்பு இன்னும் அடங்கவில்லை.

வேகத்தடை கேட்டுச் சாலைத் துறைக்குப் பதினோரு மனு போட்டிருந்தார். பதினொன்றுக்கும் ஒரே பதில்: வேகத்தடை போட அதிகாரம் இல்லை, பள்ளம் மூடுவது மட்டுமே எங்கள் வேலை. அதில் இருந்த இரண்டு சந்திப் பிழைகளை வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியதோடு சரி.

பெயின்டர் பழந்துணியை மண்ணெண்ணெயில் நனைத்தார். அப்போது ஒரு லாரி ஊர்ந்து வந்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டித் தரையைத் துழாவிப் பார்த்தபடி நகர, பின்னால் நான்கு கார்கள் பெட்டிப் பாம்பாக அடங்கி வந்தன. பிள்ளைகள் ஊர்க்கதை பேசிக்கொண்டே சாலையைக் கடந்தார்கள்.

"அழிச்சிடவா டீச்சர்?"

தலைமையாசிரியை ஊர்ந்து போகும் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வரிசைக்குப் பின்னாலேயே ஒரு தார் வண்டி வந்து நின்றது. சாலைத் துறை மேற்பார்வையாளர் குதித்து இறங்கினார்.

"நேத்து சாயந்திரத்துலேருந்து போன் மேல போன் மேடம்! பள்ளம் எங்க இருக்குன்னு கண்ணுக்கே தெரியலையாம். அதனால ஜனங்களுக்கு இன்னும் ஜாஸ்தி பயமாம். இடத்தைக் காட்டுங்க, இப்பவே மூடிடறோம்."

பெயின்டர் ஏணியிலிருந்து வாயைத் திறந்தார். "சார், அது வந்து... எழுத்துல..."

தலைமையாசிரியை முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டார்.

வாழ்நாளில் யாருக்கும் எழுத்தில் ஒரு கொம்பு, ஒரு காலைக்கூட விட்டுக்கொடுக்காத அந்த அம்மாள், கைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். குனிந்து, சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நேராக ஒரு கோடு போட்டார்.

"இதுதாங்க பள்ளம். மூடும்போது கொஞ்சம் மேடாவே மூடிடுங்க!"