துணைக்குப் போன மாமியார்

"வெள்ளைப்படுதாம். அதுக்கு லீவு போட்டுட்டு டாக்டர்கிட்ட போறாளாம் மகாராணி."

போனில் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்த மாமியார், சமையலறையில் இருந்த மருமகளுக்கும் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினாள்.

"நம்ம காலத்துல இதையெல்லாம் வெளிய சொல்லுவோமா? பொம்பளைன்னா ஆயிரம் இருக்கும். இவ கண்ணாடிக் கடையில நாலு பேருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டி விடுறா இல்ல, அந்தத் தலைக்கனம். தும்மினாக்கூட டாக்டர்."

தங்கை அந்தப் பக்கம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். மாமியாருக்கு அன்றைய பொழுது நன்றாகவே விடிந்தது.

மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"வெள்ளைப்படறதே நோயில்ல அத்தை. தண்ணி மாதிரியோ வெள்ளையாவோ வர்றது எல்லாருக்கும் உள்ளதுதான். மாசத்துல சில நாள் கூடும், சில நாள் குறையும். நிறம் மாறினா, வாடை அடிச்சா, அரிப்போ எரிச்சலோ இருந்தாதான் காட்டணும்."

"வந்துட்டா பாடம் எடுக்க."

"மாசாமாசம் வர்றது நின்னு போனவங்களுக்கு லேசா ரத்தம் கலந்து பட்டாக்கூட தள்ளிப்போடவே கூடாதாம். நிறைய பேருக்கு சின்ன விஷயமாத்தான் இருக்குமாம். ஆனா சமயத்துல புத்துநோயாவும் இருக்கலாமாம். சீக்கிரம் போனா காப்பாத்திடலாம்."

மாமியார் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

அவளுக்கு நின்று வருஷக்கணக்காகிறது. ஆனால் கொஞ்ச நாளாக உள்பாவாடையில் பழுப்பும் சிவப்புமாக ஏதோ படுகிறது. உடம்புச் சூடு என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். பாத்ரூம் அலமாரியில் மருமகள் வைத்திருக்கும் நாப்கின் பாக்கெட்டிலிருந்து கமுக்கமாக எடுத்துக்கொண்டு வந்தாள். எடுக்க எடுக்க அது தீரவில்லை. வைத்தது எது, காணாமல் போனது எது என்றுகூடத் தெரியாத இந்த மண்டு, கடையில் என்னத்தைக் கிழிக்கிறாளோ என்று அதிலும் ஓர் இளக்காரம்.

பயம் இல்லாமல் இல்லை. ஆனால் இத்தனை நாள் வாய் கிழியப் பேசிவிட்டு, இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அம்மாளுக்கு உயிரைவிட வாய் பெரிதாகிவிட்டது.

"தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு அத்தை. துணைக்கு வர்றீங்களா?"

"போய்ட்டு வாம்மா," என்றான் மகன், ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே.

"வர்றேன், வர்றேன். ஒண்ணுமில்லாததுக்கு வந்து நிக்கிறியேன்னு டாக்டர் உன்னை நாலு கேள்வி கேக்கறதை என் காதால கேக்கணும்."

பஸ்ஸில் வழி நெடுக அதே பேச்சுதான். மருமகள் எல்லாவற்றுக்கும் "சரி அத்தை" என்றாள். ரோஷம் கெட்ட ஜென்மம் என்று மாமியார் மனதுக்குள் முடிவு கட்டினாள்.

கிளினிக்கில் காத்திருந்த பெண்களை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எல்லாம் வேலைவெட்டி இல்லாததுங்க," என்றாள், ரகசியம் சொல்வது போல எல்லோருக்கும் கேட்கும்படியாக. பக்கத்து நாற்காலிப் பெண் எழுந்து வேறு இடம் போய் உட்கார்ந்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். மாமியார் சுவரோரம் இருந்த நாற்காலியில் வேடிக்கை பார்க்க வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

"யாருக்குப் பாக்கணும்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"நல்லாக் கேளுங்க டாக்டர்," என்று மாமியார் முந்திக்கொண்டாள். "சின்ன வயசு, குத்துக்கல்லாட்டம் இருக்கா. வீட்டு வேலைக்கு வளையாம..."

"அத்தைக்குத்தான் டாக்டர்," என்றாள் மருமகள்.

மாமியார் விருட்டென்று எழுந்தாள்.

"என்ன திமிர் இருக்கணும் உனக்கு. எனக்கு என்னடி கேடு? உன் சீக்கை என் தலையில கட்டப் பாக்கறியா? இரு, வீட்டுக்கு வா, என் பையன்கிட்ட சொல்றேன்."

மருமகள் அவள் கையைப் பிடித்து, டாக்டரின் மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

மருமகள் காதருகே குனிந்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல அத்தை. உங்களுக்குன்னு சொன்னா வரமாட்டீங்க, அதான் எனக்குன்னு சொன்னேன். உங்க பையன்கிட்டகூட வேற எதுவும் சொல்லல."

"உனக்கு... உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. என்னோடதை நான் எப்பவோ பீரோவுக்கு மாத்திட்டேன் அத்தை. பாத்ரூம் அலமாரியில தீரத் தீர வாங்கி வைக்கிறதெல்லாம் உங்களுக்குத்தான்."