வெள்ளையாகாத ஹாம்ஸ்டர்

"இது பச்சை மோசடி, மேடம்! காம்பெல் ஹாம்ஸ்டரைக் கொடுத்துட்டு, குளிர்வெள்ளைன்னு சொல்லி என் தலையில கட்டியிருக்கீங்க!"

ஹாம்ஸ்டர் என்கிற அந்தக் குட்டைவால் வளர்ப்பு எலியின் கூண்டை மேசைமேல் வைத்த வேகத்தில் மரத்தூள் சிதறியது. கத்தியவருக்கு அருங்காட்சியகத்தில் 'லேபிள் சார்' என்று பெயர். எந்த உயிரைக் கண்டாலும் இனம் பிரித்துச் சீட்டு ஒட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

எதிரே நின்ற காப்பாளரம்மா, அதே அருங்காட்சியகத்தில் உயிருள்ள பிராணிகளைப் பார்த்துக்கொள்பவர். லேபிள் சார் காலையில் போனில் போட்ட கூச்சலுக்குப் பதில் சொல்ல, துணி போட்டு மூடிய ஒரு சின்னக் கூண்டோடு வீட்டுக்கே வந்திருந்தார்.

அது லேபிள் சாரின் தங்கை தங்கியிருந்த அறை; ஹாம்ஸ்டரை வளர்த்ததும் அங்கேதான். அவள் கட்டிலில் உட்கார்ந்து பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சார், கொஞ்சம் மூச்சு விடுங்க."

"எப்படி விடறது? குள்ள ஹாம்ஸ்டர்ல முதுகுக் கோடே இல்லாத பொடிசு ஒண்ணு இருக்கு, அதை விடுங்க. கோடு உள்ளது ரெண்டு. ஒரு காலத்துல ரெண்டும் ஒரே இனம்னு பெரிய மனுஷங்க எழுதி வச்சுட்டுப் போயிட்டாங்க. ஆனா பனிக்காலம் வந்தா குளிர்வெள்ளை வெள்ளையாகும், காம்பெல் ஆகாது. இது ஆகலை. அப்போ இது எது?"

"கோட்டைப் பாருங்க சார், எவ்வளவு அகலமா ஓடுது! காம்பெலுக்கு ஒல்லியா இருக்கும்."

"கோட்டைப் பார்க்க எனக்குக் கண்ணு இல்லையா? நான் போடற புத்தகத்துல வெள்ளை முதுகுப் படத்துக்குன்னு ஒரு பக்கம் காலியா கிடக்கு. அச்சகத்துக்காரன் உயிரை வாங்கறான்!"

காப்பாளரம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார். "அது குளிரைப் பார்த்து மாறாது சார். ராத்திரி நீளமாகணும், இருட்டு இருக்கணும்; லைட் எரிஞ்சா அதுக்கு இன்னும் கோடைதான்."

"எனக்கே ஆனா ஆவன்னாவா? தெருவிளக்கு உள்ள விழக்கூடாதுன்னு இந்தக் கறுப்புத் திரையை மாட்டினதே நான்தான். பாப்பா, நீயே சொல்லு."

"சாப்பிட்டதும் லைட்டை அணைச்சிடுவேன், அக்கா" என்றாள் தங்கை, தலை நிமிராமல்.

"கேட்டீங்களா? படுத்தா அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவா."

"பெட்டியெல்லாம் கட்டறாளே, ஊருக்கா?"

"ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வந்து கூட்டிட்டுப் போறார். மழைக்காலத்துல கோவிச்சுட்டு வந்தவ. சின்ன மனத்தாங்கல். அடிச்சானான்னு கேட்டேன், இல்லைன்னா. குடிக்கிறானா? இல்லை. வேற பொண்ணு? இல்லை. அப்புறம் என்னதான் குறை? போகமாட்டேன்னு அழுவா, காரணம் கேட்டா வாயைத் திறக்கமாட்டா. நான் மாப்பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துட்டேன்."

தங்கை மடித்து வைத்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள். கூண்டுச் சக்கரம் காற்றில் ஆடி லேசாகக் கிறீச்சிட்டது.

காப்பாளரம்மா தன் கூண்டின் துணியை விலக்கினார். உள்ளே, முதுகில் ஒற்றைக் கரிய கோட்டோடு, பனியை உருட்டி வைத்ததுபோல் ஒரு ஹாம்ஸ்டர்.

"உங்ககிட்ட இருக்கிறதோட கூடப் பிறந்தது. ஒரே ஈத்து. என் அறையில ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான், பொழுது சாஞ்சா இருட்டு."

லேபிள் சாருக்கு முகம் சிவந்தது. "அப்போ நான் பொய் சொல்றேனா? இல்ல, என் தங்கச்சி பொய் சொல்றாளா? என் வீட்டுக்கே வந்து, அவ முகத்துக்கு நேரே!"

"நான் அப்படிச் சொல்லலையே சார்."

"வேற எப்படிச் சொல்லணும்? சரி, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துடலாம். கூடப் பிறந்தது எதுன்னு எனக்குத் தெரியாதா?"

ஆனால் லேபிள் சாரின் பழுப்பு ஹாம்ஸ்டர் இதற்குள் பஞ்சுக்குள் புதைந்திருந்தது. கூண்டைத் தட்டியும் வெளியே வரவில்லை.

"இந்த வெளிச்சத்துல வராது சார். பொழுது மசங்கினாத்தான் தலையை நீட்டும்."

"அவ்வளவுதானே? இப்பவே மசங்க வைக்கிறேன்." லேபிள் சார் விறுவிறுவென்று போய்த் திரையை இழுத்து மூடினார். "பட்டப்பகல்ல எதுக்கு இந்த லைட்டு வேற?" என்று முணுமுணுத்தபடி சுவிட்சில் கை வைத்தார்.

"அண்ணா, லைட்டை மட்டும்…"

அவர் அணைத்துவிட்டார்.

இருட்டில் ஏதோ தரையில் விழுந்தது. பிறகு கட்டில் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை லேபிள் சார் அதுவரை கேட்டதே இல்லை.

"திறந்துடுங்க… கதவைத் திறந்துடுங்க… இனிமே எதிர்த்துப் பேசமாட்டேங்க… ராத்திரி பூரா உள்ள வச்சுடாதீங்க, உங்க கால்ல விழறேன்…"

அறைக் கதவு பூட்டியிருக்கவில்லை, சும்மா சாத்தித்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார். லேபிள் சார் அவரை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார், அந்தக் கூச்சலைத் தெருவே கேட்டது. புத்தகத்தின் காலிப் பக்கத்தில் காப்பாளரம்மாவின் ஹாம்ஸ்டர் அச்சானது. தங்கை அண்ணன் வீட்டிலேயே இருந்தாள், வேலைக்குப் போனாள்; அவள் அறையில் இருந்த பழுப்பு ஹாம்ஸ்டர் அதற்கடுத்த பனிக்காலத்தில், முதுகுக் கோடு மட்டும் மிஞ்ச, முழுக்க வெள்ளையானது.